செவலைக்கு ஊத்துன வடை எண்ணெய்

ஜூலை 8

வெளியே சொன்னா வெட்கக்கேடு, அதனால இதுல எழுதறேன். செவலையோட வயிறு கெட்டது வெயிலால இல்லை. என்னாலதான். கன்னு போட்டு ஒரு மாசத்துல இப்படி இளைச்சுட்டாளேன்னு, தவிட்டுல வடை சுட்ட எண்ணெயை ஊத்தி ஊத்திக் கொடுத்தேன். பனியன் கம்பெனி கேண்டீன்ல வேலை பாக்குற பக்கத்து வீட்டு ஒச்சாயி தூக்கு நிறையத் தந்தா. "கீழ கொட்டுறதுக்கு மாட்டுக்கு ஊத்துங்கக்கா, மினுமினுன்னு ஆயிரும்." இப்ப மாட்டுச்சாளைத் தரைதான் மினுமினுன்னு கிடக்குது.

ஜூலை 9

சோளத்தட்டைத் தொடலை. அசை போடலை. பால் பாதியாப் போச்சு. வீட்டுக்காரர் டேப்போட வந்து சாளையை அளக்கறார். "ஆடி கழிஞ்சதும் மாட்டை வித்துப்போட்டு இங்க ரெண்டு தையல் மெசினு போட்டர்லாம் புள்ள."

"என்னையும் சேத்து அளந்துக்கங்க"ன்னு சிரிச்சேன். உள்ள வந்து அழுதேன். கன்னுக்குட்டியா வந்தவ அவ. விக்கறதா?

ஜூலை 10

மாட்டு டாக்டரம்மா சித்ராதேவி வந்தாங்க. சாணியைப் பார்த்ததுமே, "எண்ணெய் ஊத்துனீங்களா?" வீட்டுக்காரர் பக்கத்துலயே நிக்கறார்!

மாட்டோட முதல் வயித்துல கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருந்துதான் தட்டைச் செரிக்க வைக்குமாம். எண்ணெய் தட்டு மேல படிஞ்சு அதுங்களையும் கொன்னுருமாம். "எண்ணெயை நிறுத்துங்க. வயிறு சரியானதும் பைபாஸ் கொழுப்புன்னு ஒரு பவுடர், கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிங்க. அது முதல் வயித்துல கரையாது. தாண்டிப் போய்த்தான் செரிக்கும்."

"அவிநாசிக்குள்ள வராம கோயமுத்தூர் போற பஸ்சாட்டங்களா?"

"அதேதாங்க."

வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். நான் கன்னுக்குட்டியைப் பார்த்தேன்.

ஜூலை 14

அசை போடறா!

ஜூலை 19

பவுடர் ஆரம்பம். மோந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. என் நங்கையா, அதான் வீட்டுக்காரரோட அக்கா, என் குழம்பைப் பார்க்கற அதே பார்வை. தவிட்டுல கலந்து வெச்சதும் தின்னுட்டா. நங்கையாளும் அப்படித்தான், தட்டு காலியாத்தான் திரும்பும்.

ஆகஸ்ட் 6

கன்னு போட்ட புதுசுல கறந்ததை விட இன்னைக்கு அதிகம்! சொசைட்டியில பாலைச் சோதிச்ச சசிகுமார், "பாலும் ஏறிப்போச்சு, கொழுப்பும் ஏறிப்போச்சுங்க அக்கா"ன்னான்.

"மாட்டுக்கா, எனக்கா?"

வரிசையே சிரிச்சுது. வீட்டுக்காரர் காலிக் கேனை வாங்கித் தானே தூக்கிட்டு வந்தார். தெருவே பார்க்கட்டும்னு மெதுவா நடந்தார். எண்ணெய் ஊத்துனவளுக்குப் பேரில்லை. கேன் தூக்குனவருக்குப் பேரு!

ஆகஸ்ட் 19

மெசினு ரெண்டும் வந்திறங்குச்சு. "எங்கீங்க வைக்கறது?"ன்னு வேன்காரர் கேட்டார். வீட்டுக்காரர் சாளையைப் பார்த்தார். செவலையைப் பார்த்தார். தன் கட்டில் கிடந்த அறையைக் காட்டினார்.

வந்த சிரிப்பை அடக்கறதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

ஆகஸ்ட் 20

அவர் கட்டில் இப்ப சாளையில.

விடிஞ்சு பார்த்தா, அவர் போட்டிருந்த பனியன்ல இடது கை இல்லை. செவலை அசை போடறா. அவர் டீ குடிக்கறார்.