காரில் வராத பெண்

சேசு மரி சூசை துணை

1936 ஓகஸ்ட் 12

அன்பும் கண்டிப்பும் நிறைந்த லோறன்ஸ் அண்ணனுக்கு, தங்கை அல்பொன்சா வணக்கத்தோடு எழுதுவது. அம்மாவும் நானும் தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய் நல்லபடி வீடு வந்து சேர்ந்தோம். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, உள்ளங்கால் மட்டும் கொப்புளம். கொழும்பில் உங்களுக்கு நல்ல சுகமும், நேரத்துக்குச் சாப்பாடும், என் மேல் கொஞ்சம் பொறுமையும் வேண்டுமென்று அன்னம்மாள் தாயிடம் கேட்டுக்கொண்டேன்.

பொறுமையை ஏன் கேட்டேன் என்றால், இந்தக் கடிதத்துக்கு முந்தியே மாப்பிள்ளையின் சின்னம்மா பிரான்சிஸ்கா எழுதியது உங்கள் கைக்கு வந்திருக்கும். பெண் காரில் வரவில்லை, மீன்கூடை சுமக்கிறவளைப்போல முழங்கால் வரை மணலோடு நடந்து வந்தாள், அதுவும் மாப்பிள்ளையோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தாள், ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று எழுதியிருப்பார். அத்தனையும் உண்மை. நடந்து வந்தவள் சொல்வதையும் வாசித்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள்.

நீங்கள் ஒழுங்கு செய்த கார் சிலாபத்திலிருந்து நம் வீட்டு வாசல் படலைக்கு வந்தபோது நாங்கள் உடப்பையும் தாண்டியிருப்போம். டிரைவரிடம் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பும்படி அடுத்த வீட்டு அனஸ்தாசியா அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். நான் என்ன செய்ய? மலேரியாக் காய்ச்சலில் நீங்கள் பாயோடு பாயாகக் கிடந்தபோது, என் பிள்ளை எழும்பினால் மகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரையால் நடந்தே வருவேன் என்று அம்மா அன்னம்மாளுக்கு நேர்ந்தது உங்களுக்கு மறந்துபோயிற்று. போன வருடம் அம்மாவுக்கு முழங்கால் வீங்கியதால் நேர்த்தி தவறியது. இந்த வருடம் பார்த்து நீங்கள் பெண் பார்க்கும் சடங்கையும் தலவிலிலேயே வைத்துவிட்டீர்கள்.

வெயிலில் நடந்தால் முகம் கறுத்துப்போகும், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று நானும் சொல்லித்தான் பார்த்தேன். காரில் போனால் நேர்த்தியைக் கார்தான் செலுத்தும், நீ செலுத்தமாட்டாய் பிள்ளை என்று அம்மா சொன்னார். அதற்கு மேல் வாய் திறக்க முடியுமா? நீங்கள் அனுப்பிய நீலச் சேலையை முன்னால் போன மாட்டுவண்டியில் கொடுத்துவிட்டு, பழைய சீத்தைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்தோடு இறங்கிவிட்டேன்.

அண்ணா, அந்த நடையை என்னவென்று எழுதுவேன். கடல் உள்வாங்கிய வற்றுத் தண்ணீர் நேரத்தில் ஈரமணல் பாய் விரித்ததுபோல் கிடந்தது. உடப்பில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து எங்களுக்கு மோர் தந்தார்கள். செபமாலை சொல்வோம், பாட்டுப் பாடுவோம், இரண்டும் அலுத்தால் ஊர்க்கதை. நம் அம்மா, வீட்டில் என்னை ஏசுவதற்கு மட்டும் வாய் திறக்கிறவர், அப்பாவைக் கட்டிய புதிதில் தான் கோபித்துக்கொண்டு இரண்டு முறை தாய்வீட்டுக்கு ஓடிய கதையைச் சொல்லி வயிறு நோகச் சிரிக்கவைத்தார். அடுப்புக்கும் கிணற்றுக்கும் நடுவில் இதையெல்லாம் சொல்ல அவருக்கு எங்கே நேரம்?

இரண்டாம் நாள் நுரைச்சோலையில் தண்ணீருக்காகக் கரையேறினோம். அங்கே ரோட்டு மணலில் ஒரு கார் அச்சு வரை புதைந்து நின்றது. உள்ளே பட்டுச் சேலையோடு ஒரு அம்மா கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு ஆள் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்து ஹயாத்து முகம்மது என்கிற பெரியவர் தென்னோலை கொண்டுவந்து கார்ச் சில்லுக்கு அடியில் போட்டார். காருக்குள்ள இருந்து ஓதினாப் போதாது, இறங்கி ஒரு கை குடுத்தாத்தான் போகும் என்று அவர் சொன்னது அந்த அம்மாவின் காதில் விழவில்லை. நான் விடுவேனா? தள்ளுகிற ஆளைப் பார்த்து, சப்பாத்தைக் கழற்றுங்கோ, கால்சட்டையைச் சுருட்டுங்கோ, நாங்கள் பாடுற பாட்டுக்குத் தள்ளுங்கோ என்று அதிகாரம் பண்ணினேன். அவரும் மறுபேச்சில்லாமல் செய்தார். நாங்கள் பெண்களெல்லாம் தோள் கொடுத்தோம்.

கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது, கிளம்பியது போயே போய்விட்டது. நிறுத்தினால் மறுபடி புதையும் என்று டிரைவர் கெட்டித் தரை தேடி ஓட்டிவிட்டான். தள்ளிய மனிதர் ஒரு கையில் ஒரு சப்பாத்தோடு நடு ரோட்டில் நின்றார். மற்றச் சப்பாத்து காரோடு போய்விட்டது.

அவரும் எங்களோடு நடந்தார். எங்கள் நடைக்கூட்டத்தில் சேருகிறவர் வெறுங்கையோடு வரக்கூடாது, ஒரு சுமையாவது எடுக்க வேண்டும். அது உங்களுக்கும் தெரியும். அம்மாவின் மூட்டையை அவர் தலையில் வைத்தேன். புத்தளம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், பெயர் அருளப்பு என்றார். அம்மா என் கையைக் கிள்ளினார். நீங்கள் எழுதிய பெயர்தான், நீங்கள் எழுதிய உத்தியோகம்தான். நான் பேசாமல் வந்தேன் என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். கள்ளுக் குடிப்பீர்களா என்று கேட்டேன். நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் என்றார். கோபம் வந்தால் கை நீட்டுவீர்களா என்றேன். இல்லை, வாயை மூடிக்கொள்வேன், அதுதான் சின்னம்மாவுக்கு இன்னும் கோபத்தைக் கூட்டும் என்றார். காருக்குள் இருந்தவர் அந்தச் சின்னம்மாதான். தாயில்லாத தன்னை வளர்த்தவர் அவரே என்று சொன்னார். தன்னை விட்டுவிட்டுப் போனவரைப் பற்றி வழி முழுக்க ஒரு குறை சொல்லவில்லை. அம்மா தளர்ந்தபோதெல்லாம், தனக்குக் கால் நோகிறது என்று அவர்தான் முதலில் உட்கார்ந்தார்.

இன்றைக்கு ஒரு பெண் பார்க்க வேண்டும், அவ தலையைக் குனிந்திருப்பா, நான் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு ஓமோ இல்லையோ சொல்லவேணும், என்னத்தைச் சொல்ல என்று அவர் அம்மாவிடம் வருத்தப்பட்டார். கோயில் தெரிகிற இடத்தில் என்னால் அடக்க முடியவில்லை. அந்தப் பெண் காரில் வரவில்லை, நான்தான் என்றேன். தலைச் சுமையோடு திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, அப்ப நான் கேட்க ஒன்றும் மிச்சமில்லை, எல்லாத்தையும் நீங்களே கேட்டிட்டீங்கள் என்று சிரித்தார்.

கோயில் வாசலில் சின்னம்மா வெயிலில் காத்து நின்றார். பாவம், பிள்ளையை வழியில் விட்டுவிட்டோமே என்று பயந்துபோய் இருந்திருப்பார். வெறுங்காலும் தலையில் மூட்டையுமாக அருளப்புவைக் கண்டதும் பயமெல்லாம் கோபமாகிவிட்டது. காரில் வருவதாகச் சொல்லிவிட்டு வார்த்தை தவறிய வீட்டில் சம்பந்தம் இல்லை என்று சனத்துக்கு முன்னால் சொன்னார். நீலச் சேலையை நான் கட்டவே இல்லை.

அருளப்பு சின்னம்மாவின் மனதை நோகடித்துக் கலியாணம் செய்யமாட்டார். செய்கிறவர் என்றால் எனக்கும் வேண்டாம். ஆனால் பெண்ணின் தமையன் நேரில் வந்து நேர்த்தியின் கதையைச் சொன்னால் சின்னம்மா இளகுவார் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

அண்ணா, எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. தங்கை தமையனுக்கு இப்படி எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். எழுது, கதவுக்குப் பின்னால் நின்று சொல்லுகிற காலமா இது என்றார்.

நீங்கள் என்ன முடிவு சொன்னாலும் கேட்பேன். அன்னம்மாள் ஆணை. ஆனால் அதைக் கடிதத்தில் சொல்லாதீர்கள். லீவு எடுத்துக்கொண்டு வாருங்கள், பத்துளுஓயா ஸ்டேசனில் நான் வந்து நிற்பேன். வண்டி வேண்டாம். வீடு வரைக்கும் என்னோடு நடந்து வாருங்கள். படலைக்கு வந்த பிறகும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு மனம் வந்தால், அப்போது சொல்லுங்கள்.

உங்கள் சுகத்துக்காக நடந்து முடித்த
தங்கை அல்பொன்சா