டிவி கோர்ட்டில் உன் பெயரைச் சொன்னேன்

டொலீடோ, ஒஹாயோ
9 பிப்ரவரி 2004

அன்பு மகள் டானாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே அலாஸ்காவில் அந்த மழையிலும் குளிரிலும் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன வாரம் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன், மூன்று தடவையும் இங்கே எத்தனை அங்குலம் பனி, அங்கே மழை எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன், சொல்ல வந்தது வாயில் வரவில்லை. இன்று திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை. காலையிலிருந்து நாலு முறை எழுத உட்கார்ந்து நாலு முறை எழுந்துவிட்டேன், ஒரு தடவை ஹீட்டர் சத்தம் போடுகிறதா என்று பார்க்க, ஒரு தடவை வாசலில் ஏற்கெனவே தள்ளிய பனியை மறுபடி தள்ள. அம்மா சமையலறையிலிருந்து, "கால்ல சக்கரமா கட்டியிருக்கு, உக்காந்து எழுதி முடிங்க" என்றாள். அவளே இப்போதுதான் என்னோடு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுகிறாள், அதற்குக் காரணமும் நான் சொல்லப் போகிற இதுதான்.

வெர்னா நோவாக் அம்மாள் அவளுடைய பொமரேனியன் நாய் பிஸ்கட்டுக்காக என் மேல் சின்ன வழக்குக் கோர்ட்டில் மனுப் போட்டதும், நிஜ வழக்குகளை ஸ்டுடியோவில் விசாரித்துக் காட்டும் டிவிக்காரர்கள் அந்த மனுவைத் தேடிப் பிடித்து எங்களைக் கூப்பிட்டதும், லாஸ் ஏஞ்சலஸ் போய் நீதிபதி கார்வர் முன்னால் நின்று நான் ஜெயித்ததும் உனக்குத் தெரியும். எப்படி ஜெயித்தேன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது இந்த மாதம் 19ஆம் தேதி வியாழக்கிழமை நாலு மணிக்கு வருகிறது. அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தாக வேண்டும், தபால் நிலையத்தில் விரைவுத் தபாலில்தான் போடப் போகிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் வாயால் நான் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. கடையில் முடி வெட்ட ஒன்பது நாய்கள், எனக்கு ஐந்து மணிக்குப் பந்து உருட்டும் பவுலிங் ஆட்டம். வெர்னா சொன்னதை நீ அட்டையில் எழுதிக் கூண்டுக் கதவில் மாட்டியிருந்தாய், ஓரத்தில் மட்டும் கத்தரிக்கோல், மெஷின் கூடவே கூடாது என்று. நான் அதைப் படிக்கவில்லை. ஆறு வருஷமாக இந்த நாய்க்கு முடி வெட்டுகிறேன், எனக்குத் தெரியாதா என்கிற திமிர். அடி முடி சிக்குப் பிடித்திருந்தது, மெஷினை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். பொமரேனியனை மொட்டை அடித்தால் சிலதுக்குத் திரும்ப முளைக்காது என்று உனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். நீ சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாய், முடியைப் பெருக்கினாய், வெர்னா வந்தபோது நீயே முன்னால் போய் மன்னிப்புக் கேட்டாய். நான் பின்கட்டில் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நீ ஜூனில் கிளம்பிப் போய்விட்டாய், பிஸ்கட்டுக்கு அக்டோபர் வரைக்கும் அங்கொரு திட்டு இங்கொரு திட்டாகத்தான் முளைத்தது. புதன்கிழமைதோறும் வெர்னா அதை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போய் அங்கே இருப்பவர்கள் மடியில் விடுவாள் இல்லையா, அதுவும் நின்றுபோயிற்று, சொறி நாய் என்று யாரோ பயந்து தள்ளிவிட்டார்களாம். வெர்னா கடைக்கு வந்து, "எனக்கு உன் காசு வேணாம்ப்பா லெஸ்டர், நான்தான் பண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் கேஸைத் திருப்பி வாங்கிக்கிறேன்" என்றாள். நான் முளைக்கும் முளைக்கும் என்றே சாதித்தேன்.

டிவியிலிருந்து ஒரு பெண் பேசினாள். விமானச் சீட்டு அவர்கள் செலவு, ஓட்டல் அவர்கள் செலவு, தோற்றாலும் நஷ்டஈட்டுப் பணத்தை நிகழ்ச்சியே கட்டிவிடும், யாருக்கும் நஷ்டம் இல்லை என்றாள். யாருக்கும் நஷ்டம் இல்லை என்ற அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். ஒரே விமானத்தில்தான் போனோம். மூன்று வரிசை முன்னால் வெர்னா, காலடியில் கூடைக்குள் பிஸ்கட், அதற்கு அவளே பின்னிய பச்சை ஸ்வெட்டர். வழியெல்லாம் அது என்னை மோப்பம் பிடித்து முனகிக்கொண்டே வந்தது. அங்கே எங்களைத் தனித்தனி அறையில் வைத்தார்கள், என் மூக்குக்குப் பவுடர் போட்டார்கள், சத்தமாகப் பேசணும், நீதிபதியை மட்டும் பார்க்கணும் என்றார்கள். உள்ளே போனால் கண் கூசும் விளக்கு. பார்வையாளர்கள் எல்லாம் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள், அவர்களுக்கு நடுவில் உன் அம்மா. நீதிபதி கார்வர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிஸ்டர் ஹாக், வாடிக்கையாளர் என்ன சொன்னாங்கன்னு யார் எழுதி வாங்கினது?" என்று கேட்டார். என் மகள் என்றேன். அது உண்மைதான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எதிரில் ஒரு சின்னத் திரையில் என் முகமும் அதற்குக் கீழே நம் கடைப் பெயரும் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. "டானா ஹாக், இப்ப அலாஸ்காவுல ஒரு நாய் டாக்டர்கிட்ட வேலை பாக்கிறா, அவதான் தப்பா எழுதிட்டா, அட்டையில இருந்தபடிதான் நான் வெட்டினேன்" என்று சொல்லிவிட்டேன். பேர் ஊர் எல்லாவற்றோடும் சொன்னேன். இல்லாத ஆள் மேல் போடுவது எத்தனை சுலபமாக இருந்தது தெரியுமா, மூச்சு விடுகிற மாதிரி வந்தது. அந்த அட்டை எங்கே என்று கேட்டார், தொலைந்துபோயிற்று என்றேன். அப்போது அது என் கையில் இருந்த ஃபைலுக்குள்தான் இருந்தது மகளே. கட்டை விரலால் ஃபைலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதற்கு மேலும் இருக்கிறது. நான் சொன்னதைக் கேட்டு வெர்னா கையைத் தூக்கினாள். தனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள், "இல்லைங்க, அந்தப் பொண்ணு என் கண்ணு முன்னாடிதான் எழுதிச்சு, எழுதி எனக்குப் படிச்சுக் காட்டிச்சு, அது தப்பா எழுதுற பொண்ணு இல்ல" என்றாள். என் மேல் வழக்குப் போட்டவள் உனக்காகப் பேசுகிறாள், பெற்றவன் மரம் மாதிரி நிற்கிறேன். நீதிபதி, "நல்ல பொண்ணுங்கிறதெல்லாம் சாட்சி ஆகாதும்மா, எழுத்துல ஏதாவது இருக்கா, இல்லைன்னா எதுக்கு என் நேரத்தைக் கெடுக்கிறீங்க" என்று அவள் வாயை அடைத்துவிட்டு மனுவைத் தள்ளுபடி செய்தார். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே நடையில் மைக்கோடு ஒருவன் நின்றான், மகளிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டான், நானும் பெரிய ஹாஸ்யக்காரன் மாதிரி, "ஊருக்கு வரட்டும், கத்தரிக்கோல் புடிக்க மொதல்லேருந்து சொல்லித் தர்றேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டல் அறைக்கு வந்ததும் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல், "பெத்த புள்ளைய வித்துட்டு வந்து நிக்கிறீங்களே" என்றாள். அவ்வளவுதான், அதன் பிறகு இரண்டு மாதம் உப்பைக் கொடு, சாவியைக் கொடு என்பதோடு சரி.

போன வாரம் டிவிக்கார அம்மணிக்குப் போன் செய்து அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று கெஞ்சினேன். "ஐயோ சார், அதுதான் நல்ல பார்ட்டே, விளம்பரத்துல அதைத்தான் போடுறோம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். தீர்ப்பை மாற்ற முடியாதாம், கையெழுத்துப் போட்டதோடு முடிந்ததாம். அன்றைக்கே அட்டையை எடுத்துக்கொண்டு வெர்னா வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முழுதும் படித்தாள். "இது எனக்குத் தெரியாதா லெஸ்டர்? நீ அதை என் வீட்டு அடுப்படியில வந்து சொல்றதுக்காகவா நான் அவ்வளவு தூரம் பறந்தேன்?" என்றாள். நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள். பிஸ்கட் வந்து என் பூட்ஸ் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது, அந்தக் கழுதைக்குக் கோபம் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. கிளம்பும்போது வெர்னா, "எங்கிட்ட சொன்னா ஆச்சா, அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?" என்றாள். அதுதான் இந்தக் கடிதம்.

வியாழக்கிழமை பவுலிங் கூடத்தில் எல்லா டிவியிலும் போடப் போகிறார்கள், ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவருகிறார்கள், ஊரே என்னைத் தட்டிக்கொடுக்கத் தயாராக இருக்கிறது. நாலு மணிக்கு முன்னால் டிவியை அணைக்கச் சொல்லி நான் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். வெர்னா வருவதாக இருக்கிறாள், அம்மா அவள் பக்கத்தில்தான் உட்காருவாளாம். கடைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை, ஆகிறது ஆகட்டும். ஆனால் நாடு முழுக்கப் பார்க்கிறவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வழியில்லை, உன் டாக்டரம்மாவும் பார்த்துவிடுவாரோ என்றுதான் கவலை, வேலையில் சேர்ந்து முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்கு என் கைப்பட எல்லாவற்றையும் எழுதித் தனியாக இதோடு வைத்திருக்கிறேன், கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

மன்னித்துவிடு என்று கேட்கிறேன், உடனே மன்னிக்கச் சொல்லவில்லை. எனக்கு இப்போது பயமெல்லாம் நீ கோபப்படுவாய் என்றில்லை. உன் அத்தை போன் செய்வாள், பழைய சிநேகிதிகள் கேட்பார்கள், உன் டாக்டரே கேட்பார், ஆமாம் நான்தான் தப்பாக எழுதினேன் என்று நீ சொல்லிவிடுவாய். எனக்கு உன்னைத் தெரியும். சொல்லாதே கண்ணு. இந்த ஒரு தடவை என்னைக் காப்பாற்றாதே.

நீ நீண்ட ஆயுளோடு, கை வைத்த வேலையில் நல்ல பெயரோடு இருக்க வேண்டும், அந்தப் பெயரில் என் கை இனிப் படாது. ஈரக் காலுறையோடு தூங்காதே, போன தடவை இருமினாய். அம்மா முத்தங்கள் அனுப்பச் சொன்னாள், அவள் தனியாகவும் எழுதுவாள்.

பிஸ்கட்டை மொட்டை அடித்த,
உன் அப்பா
லெஸ்டர் ஹாக்