அவருக்குக் கேட்கிறது

செம்பாக்கம்
9 ஜூன் 2025

அன்புள்ள பிரிட்டோ அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலம்தானே? நீ ஏற்பாடு செய்தபடி நாவலூர் ஆராய்ச்சி மையத்தில் உன் மச்சானுக்கு மூளை ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். பைக் விபத்து நடந்து இரண்டு வருடம். கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. உன் ஆராய்ச்சிக்காவது உதவட்டும் என்றுதான் சம்மதித்தேன்.

பள்ளிக்கரணையில் ஒரு ஹோமில் இடம் கிடைத்திருக்கிறது. அவரை அங்கே சேர்த்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். திட்டாதே. முடியவில்லை அண்ணா.

உன் தங்கை,
ஷீலா


எடின்பரோ
24 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

உட்கார்ந்து படி. "ஷட்டில் ஆடுற மாதிரி நினைச்சுக்கோங்க" என்று சொன்னதும் மச்சானின் மூளையில் அசைவுக்கான பகுதி விழித்தது. எந்தப் பகுதி எதை இயக்குகிறது என்று பார்ப்பதுதானே என் வேலை? நினைவே இல்லாதவர்களுக்குச் சத்தம் பெரும்பாலும் கேட்கும் பகுதியோடு நின்றுவிடும். இவருக்கு மூளையின் முன்பகுதி வரை போய், அங்கிருந்து பதில் திரும்பி வருகிறது. மூன்று முறை சரிபார்த்தேன். எலியேசர் மச்சான் உள்ளே இருக்கிறார். அவருக்குக் கேட்கிறது.

அடுத்த ஸ்கேனில் ஒரு கேள்வி கேட்கலாம். ஆமாம் என்றால் ஷட்டில் ஆடுவதாகவும், இல்லை என்றால் வீட்டுக்குள் நடப்பதாகவும் நினைக்கட்டும்.

பிரிட்டோ


செம்பாக்கம்
6 ஜூலை 2025

அண்ணா,

நீ போன் செய்தாய், எடுக்கவில்லை. இந்தச் சின்ன வீட்டில் அவர் காதில் விழாமல் எங்கே பேசுவது?

எதிர்வீட்டு பேபி அக்கா "இன்னாம்மா, எப்டி கீறாரு?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் தலைமாட்டில் நின்றே சொல்லியிருக்கிறேன்: "இப்படிக் கிடக்கறதுக்குப் போய்ச் சேந்திருக்கலாம்க்கா." ஒரு தடவை இல்லை, இரண்டு வருடம். நேற்று மன்னிப்புக் கேட்டேன். கண் கூரையை விட்டு நகரவில்லை.

அந்தக் கேள்வியை நான்தான் கேட்பேன்.

ஷீலா


செம்பாக்கம்
17 ஆகஸ்ட் 2025

அண்ணா,

"என்னங்க, ஹோமுக்குப் போறீங்களா?" இரண்டாவது ஸ்கேனின்போது மைக்கில் அவ்வளவுதான் கேட்டேன். நீ அனுப்பிய அவர் பதில் நேற்று வந்தது. ஆமாம்.

என்னை வேலைக்குப் போகச் சொல்கிறாரா, என்னிடமிருந்து போகப் பார்க்கிறாரா? எந்தப் பகுதி எதை இயக்குகிறது என்று சொன்னாயே, இதை உன் ஸ்கேன் சொல்லுமா?

ஹோமில் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்னதை மீறித்தான். தெரியும். இனி ஸ்கேன் வேண்டாம் அண்ணா. அடுத்த பதிலைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

இப்போதெல்லாம் அவர் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துத்தான் பேசுகிறேன். மற்றதையெல்லாம் அவரைப் போலவே எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

ஷீலா