புல் இல்லாத முற்றம்

மார்ச் 3, 1998, செவ்வாய்

கோபத்தில் பேசினால் குழப்புவேன். வியாழக்கிழமை, தெருவின் பழைய தோற்றத்தைக் காக்கும் பழம்பேட்டைப் பாதுகாப்புக் குழுவிடம் சொல்ல வேண்டியவை:

1. பக்கத்து வீட்டு அர்மேத்தாவின் முன்முற்றத்தில் புல் இல்லாதது அசட்டை அல்ல. தினமும் பெருக்கியே அப்படி ஆனது.
2. செங்கல் சூளைக்காரர்களான நம் கறுப்பு ஜனங்கள் அடிமைத்தளை நீங்கி இங்கே குடியேறிய நாளிலிருந்து தெரு முழுக்க வெறும் மண் முற்றம்தான். புல் விட்டால் பாம்பு வரும், சோம்பேறி என்ற பேரும் வரும்.
3. அர்மேத்தாவுக்கு அதை மாற்ற விருப்பமில்லை.

இன்று குழுவின் அதிகாரி அவள் கதவில் நோட்டீஸ் ஒட்டினார். புல் போடாவிட்டால் வழக்கு, வீடே போகலாம். தெருவின் வரலாற்று அழகு கெடுகிறதாம். யாருடைய வரலாறு?

அர்மேத்தா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு அவரிடம், "தள்ளி நில்லு தம்பி, இப்பத்தான் கூட்டினேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வாத்தியாரே, வேலிக்குப் பின்னால நின்னு முறைச்சா போதுமா?"

போதாது. தெரியும்.

மார்ச் 4

தூக்கமில்லை. பள்ளியில் வரலாறு நடத்தியவனுக்கு நாலு பேர் முன் பேச ஏன் இவ்வளவு பயம்?

மார்ச் 5

முதல் வாக்கியத்திலேயே குரல் போய்விட்டது. குழுத் தலைவி அம்மாள் பரிவோடு சிரித்து, "பாவம், வயசானவங்க, பராமரிக்க முடியல போல" என்றார்.

பராமரிக்க முடியலையா? அந்த மண்ணில் சோறு போட்டுச் சாப்பிடலாம். சொன்னேன். மூன்றையும் சொன்னேன். தெருவின் பழைய புகைப்படத்தை மேசையில் வைத்தேன் — வீட்டுக்கு வீடு வெறும் மண், விளக்குமாற்றுக் கோடுகள். குனிந்து பார்த்தார்கள். நோட்டீஸ் ரத்து.

மார்ச் 9

குழுவின் உத்தரவு வந்தது. அர்மேத்தாவின் மண் முற்றம் அரிய வரலாற்றுச் சின்னமாம். இனி அதில் புல், செடி, சிமெண்ட் எதுவும் கூடாது. நாள்தோறும் பெருக்கப்பட வேண்டும். அயோக்கியர்கள்.

அவள் படியில் உட்கார்ந்து படித்தாள்.

"முட்டி போச்சு வாத்தியாரே. இந்த வருஷம் புல்லு போட்டுடலாம்னு இருந்தேன். அந்த நோட்டீஸ்காரன் போடுன்னு சொன்னான், அதுக்காகவே போடல. அவன் ஓய்ஞ்சதும் போட்டிருப்பேன்."

"சொல்லியிருக்கலாமே."

"கேட்டிருக்கலாமே."

மார்ச் 10

காலையில் முற்றத்தை நான் பெருக்கினேன். "கோடு கோணலா இருக்கு, அதுக்கும் நோட்டீஸ் வரும்" என்றாள். சொன்னவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது குறிப்பு தவறு. அவளிடம் கேட்காமல் எழுதியது.