ஈரச் சாக்கும் பண்டாராயா மீனும்

அன்பு மகள் ஷர்மினிக்கு,

ஏரிக் கமிட்டி எனக்குச் செய்தது அநியாயம். அதை முதல் வரியில் எழுதி வைத்துவிட்டுத்தான் உன் சுகத்தைக் கேட்கிறேன். நீ நலம்தானே, அந்த அயர்லாந்துக் குளிரில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடக்கிற உன் கால்கள் நலம்தானே. இங்கே நானும் உன் அப்பாவும் மாரியம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் சர்க்கரை மட்டும் தீபாவளிக்குப் பிறகு ஏறி இறங்குகிறது, அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அதிரசம், என் சமையல் இல்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் விடுங்கம்மா, உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சண்டை என்கிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுவதும் படி, கடைசியில் சந்தோஷமான செய்திதான் இருக்கிறது.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கு மறுநாள் காலையில், நம் தாமான் குடியிருப்பின் ஏரிக் கமிட்டி வாட்ஸாப் குரூப்பிலிருந்து தலைவர் தங்கராஜு என்னை நீக்கினார். அந்த ஏரிக்காக இரண்டு வருஷம் நான் நடந்த நடைக்கு அதுதான் மரியாதை. உனக்கு நினைவிருக்கும், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று கடையில் விற்கிறார்களே பண்டாராயா மீன், உடம்பெல்லாம் ஓடு மாதிரி செதிலும் வயிற்றுப்பக்கம் உறிஞ்சுகிற வாயுமாக, அதுதான் இப்போது ஏரி முழுக்க. யாரோ தொட்டியில் வளர்க்க முடியாமல் கொண்டுவந்து விட்டது, ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி, கரையில் முழங்கை நீளத்துக்கு வளை தோண்டி முட்டையிடுகிறது. போன வருஷம் கிழக்குக் கரை நடைபாதை சரிந்ததே, எல்லோரும் மழை மேல் பழி போட்டார்கள். நான் கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. செனாய் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் பழுதான சாமானைக் கையால் தடவிக் கண்டுபிடித்தவள் நான், கரை பழுதானால் எனக்குத் தெரியாதா. ஆறாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அந்த மீன் எந்த நாட்டிலிருந்து வந்தது, எப்போது முட்டையிடும், எந்த ஆழத்தில் படுக்கும் என்று நானே தேடிப் படித்து இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறேன். நம் ஊர்ப் பூயு மீன் போயிற்று, செப்பாட் மீன் குறைந்து போயிற்று, ஒரே ஒரு ஜோடி விரால் மட்டும் பாலத்துக்கு அடியில் குஞ்சு பொரித்து, அந்தச் சிவப்புக் குஞ்சுகளை வட்டமாகக் கூட்டிக்கொண்டு திரிந்தது. அந்தக் கூட்டம் போனால் நம் ஏரியில் விரால் என்ற பேச்சே முடிந்தது. இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னபோது தங்கராஜு என்ன சொன்னார் தெரியுமா, ஆன்டி, நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்கலா, இதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் என்றார். என்னைவிட மூன்று வயதுதான் இளையவர், எனக்கு ஆன்டியாம். அவர் பார்த்துக்கொண்ட அழகு என்ன, பண்டாராயா மீனைத் தின்ன ராஜா மீனை வாங்கி ஏரியில் விடப் போகிறாராம். ராஜா மீனும் வெளிநாட்டு மீன்தான், பெரிய வாய், எதிரில் வந்ததை விழுங்கும். ஓடு போட்ட மீனை விட்டுவிட்டு ஓடில்லாத நம் மீனைத்தான் முதலில் தின்னும் என்றேன். தூண்டில் போட்டி வைத்தால் சிங்கப்பூர்க்காரர்கள் வருவார்கள், தாமானுக்குப் பெயர் வரும் என்றார். திருடனைப் பிடிக்கக் கொள்ளைக்காரனை வீட்டுக்குள் விடுகிற கதை.

அதனால் அவர் ராஜா மீனை வாங்குவதற்குள் நாமே பிடித்துக் காட்டிவிட வேண்டும் என்று நான் அவசரப்பட்டேன். அங்கேதான் ஒரு சின்னத் தவறு நடந்தது, அதை மறைக்க மாட்டேன். பக்கத்து வீட்டு வாசுகியும் நானும் இன்னும் ஒன்பது பெண்களும் சனிக்கிழமை சாயங்காலம் வலையோடு இறங்கினோம். புரட்டாசி விரதம் என்பதால் பிடிக்க வருவோம், கொல்ல மாட்டோம் என்று அவர்களுக்கு ஒரே பிடிவாதம். சரி, கரையில் போட்டால் மீன் தானாகச் செத்துப் போகும், நம் கையில் பாவம் ஒட்டாது என்று நானும் நினைத்தேன். எண்பத்து மூன்று மீன் பிடித்தோம், அகலமான தொட்டிகளில் போட்டு, நாய் இழுக்காமல் இருக்க மேலே சாக்கு மூடச் சொன்னேன். உன் அப்பா மூடினார். காய்ந்த சாக்கு இருக்க, ஏரியில் நனைத்து ஈரச் சாக்கை மூடியிருக்கிறார், வெயிலில் கிடந்த சாக்கு சுடுகிறது, பாவம் மீன் என்று. அந்த மீன் தண்ணீரில்லாமல் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும் என்று என் நோட்டில் நானே எழுதியிருக்கிறேன், பதினேழாம் பக்கம், எழுதியதை மறந்தேன். இரவு நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் தொட்டி நிரம்பி வழிந்து, புல்மேல் நெளிந்த தடம் எல்லாம் தண்ணீர் வரைக்கும் போகிறது. மிச்சம் இருந்தது நான்கு. சிரிக்காதே. தங்கராஜு அந்தக் காலித் தொட்டியைப் படம் எடுத்து, மீன்களுக்கு விடுமுறை முகாம் நடத்திய புஷ்பவள்ளி ஆன்டிக்கு நன்றி என்று குரூப்பில் போட்டார், பதில் எழுத நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நீக்கிவிட்டார்.

நான் அழவில்லை. மீரா சாகிபு சாப்பாட்டுக் கடைக்குப் போய், நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரே குடித்தேன். அவர் கல்லாவில் இருந்தபடியே, அக்கா, மீன் எல்லாம் சௌக்கியமா வீடு போய்ச் சேந்துச்சா என்று கேட்டார். ஊரே சிரிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் நல்ல மனுஷன், சிரித்து முடித்ததும், கடைக்கு மீன் வாங்குற பெரிய ஐஸ் பெட்டி நாலு இருக்கு, ஐஸும் நான் தாரேன், ஐஸ் தண்ணியில போட்டா அலுங்காம போயிடும், உங்க விரதம் முடியட்டும், அப்பவும் மனசு வரலன்னா அந்தப் பாவத்தை எங்கிட்டத் தள்ளிவிடுங்க என்றார். விரதம் முடிந்து தீபாவளி போன ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தோம். வாசுகிதான் கமிட்டிச் செயலாளர், மதகுச் சாவி அவளிடம். சனிக்கிழமை காலையிலேயே மதகைத் திறந்துவிட்டாள், தலைவரிடம் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, எனக்கு வாட்ஸாப்ல டைப் பண்ணத் தெரியாதுக்கா என்றாள். இரண்டு அடி தண்ணீர் இறங்கியதும் கரை முழுக்க வளைகள் கறுப்பாக வாயைத் திறந்துகொண்டு தெரிந்தன.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாற்பது பேர் வந்தார்கள், நம்பினால் நம்பு. மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள், எல்லோரும் தடித்த கையுறை போட்டுக்கொண்டு சேற்றில் முழங்கால் வரை. வளையின் வாயில் வலையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் கம்பால் குத்தினால் மீன் நேராக வலைக்குள் வருகிறது, இது நான் கண்டுபிடித்த முறை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாசுகி ஒரு தடவை சறுக்கி உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேன், இங்கேயே சுகமா இருக்கு என்று சிரித்துக்கொண்டு கிடந்தாள். நானும் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

அப்போதுதான் லாரி வந்தது. பிளாஸ்டிக் பைகளில் காற்றடைத்து இருநூறு ராஜா மீன் குஞ்சு. முன்னால் தங்கராஜு, வெள்ளைச் சட்டை, பின்னால் அவர் மனைவி கஸ்தூரி. படியில் இறங்கி ஊற்றப் போகிறார்கள். நான் சேற்றோடு போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன், என் மேல் ஊற்றிவிட்டுப் போ என்றேன். ஆன்டி, வெயில்ல பை சூடாகுது, தள்ளுங்க என்றார். சூடாகட்டும் என்றேன். உன் அப்பா தூரத்திலிருந்து, புஷ்பா, வந்துடு, இடுப்பு பிடிச்சுக்கும் என்கிறார், எனக்குத் துணைக்கு நிற்கிற லட்சணம். அந்த நேரத்தில் மீரா சாகிபின் மகன் சாஜித், பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவன், ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு வந்தான். முன்னங்கை நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை, வாலில் கண் மாதிரி ஒரு புள்ளி. ராஜா மீன். இன்னும் விடவே இல்லை, அதற்குள் எப்படி வந்தது என்று எல்லோரும் தங்கராஜுவைப் பார்த்தார்கள். போன வருஷம் சோதனைக்குப் பத்து விட்டேன் என்று வாய்க்குள்ளேயே சொன்னார். வயிற்றைக் கிழி என்றேன். மீரா சாகிபு கடைக் கத்தியால் கிழித்து வாழையிலையில் கொட்டினார். சிவப்பாக, சுண்டுவிரல் நகம் அளவில், விரால் குஞ்சுகள். நான் ஒவ்வொன்றாக எண்ணினேன், எல்லோரும் கேட்கச் சத்தமாக எண்ணினேன், இருபத்து மூன்று. பண்டாராயாக் குஞ்சு ஒன்றுகூட இல்லை.

அதற்கு மேல் பேசியது கஸ்தூரி. போன வருஷம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தபோது, காயம் ஆற விரால் சூப் வேண்டும் என்று இதே பாலத்தடியில் நான்தான் பிடித்துக்கொடுத்தேன். அவள் இலையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். என் வயித்துத் தையல ஆத்துன மீனுக்கு நீ காசு குடுத்து எமன் வாங்கிட்டு வந்திருக்க, லாரியத் திருப்பு என்றாள். அவ்வளவுதான், லாரி திரும்பியது. விற்றவன் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டான், இப்போது இருநூறு ராஜாவும் தங்கராஜு வீட்டுக் குளியலறைச் சிமெண்ட் தொட்டியில் ராஜபோகமாக இருக்கின்றன. அவர் குளிக்கப் பின்வாசல் குழாயடிக்குப் போகிறார்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். எல்லாம் முடிந்து உட்கார்ந்திருக்கும்போது, இந்தத் தாமானில் பண்டாராயா மீனை ஏரியில் விட்டவர்கள் யார் யார், இப்போதே உண்மையைச் சொல்லுங்கள் என்று நான்தான் கேட்டேன். வெட்கப்பட்டு வெட்கப்பட்டு ஏழு கை எழுந்தது. ஏழாவது கை உன் அப்பாவுடையது. நீ அயர்லாந்து போன வருஷம், உன் அறையில் இருந்த தொட்டியைக் கழுவ முடியாமல், புரட்டாசில எப்படிம்மா கொல்றது என்று இரண்டு மீனைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். என்னிடம் அப்போது யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று சொன்னார். தங்கராஜு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று, என் வீட்டிலிருந்து போனது இரண்டு, இன்றைக்கு நான் பிடித்தது நாற்பத்தொன்று, கடைசி மீன் வரைக்கும் பிடிப்பேன் என்றேன். முதலில் கை தட்டியது தங்கராஜு. அன்றைக்கு எல்லோருமாகப் பிடித்தது முந்நூற்றுப் பதினாறு, அத்தனையும் மீரா சாகிபின் ஐஸ் பெட்டிக்குள் போயிற்று. மறுநாள் காலையில் பாலத்தடியில் போய்ப் பார்த்தேன், விரால் ஜோடி இருக்கிறது, குஞ்சுக் கூட்டம் சின்னதாகிவிட்டது, ஆனால் இருக்கிறது. எனக்குச் சின்னப் பெண் மாதிரி குதிக்க வேண்டும் போல் இருந்தது, இடுப்பு விடவில்லை.

மாரியம்மன் உனக்கு நோயில்லாத உடம்பும், கைராசியும், உன் பிடிவாதத்தைத் தாங்குகிற ஒரு நல்ல துணையும் தரட்டும். பாஸ்போர்ட் மார்ச்சில் முடிகிறது, மறக்காமல் புதுப்பித்துக்கொள். இனி நடக்க வேண்டியதைக் கூட்டத்தில் எழுதிப் படித்துவிட்டேன், உனக்கும் எழுதுகிறேன். தங்கராஜு என்னை நீக்கியது தவறு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், வாய்ச்சொல் போதாது, அது வரைக்கும் குரூப்பில் நான் சேர மாட்டேன். அவர் விட்ட பத்தில் மிச்சம் ஒன்பதைச் சாஜித் தூண்டிலில் பிடிக்க வேண்டும். தொட்டியில் இருக்கும் இருநூறும் கஸ்தூரியின் சட்டிக்குத்தான் போக வேண்டும், சாக்கடைக்கு ஒன்றுகூடப் போகக் கூடாது. தொட்டி மீனை வேண்டாதவர்கள் ஏரிக்கு வராமல் மீரா சாகிபின் ஐஸ் பெட்டிக்கு வர வேண்டும், எந்த மாதமானாலும். மாதம் இரண்டு ஞாயிறு வாசுகி மதகைத் திறக்க வேண்டும். பிடித்த மீனைத் தாமான் தோட்டத்து வாழைக்கு உரமாக ஆழப் புதைப்பது உன் அப்பா வேலை, குழி மூன்று அடி, நான் அளந்து பார்ப்பேன். காலியான வளைகளில் மண் போட்டு இடிப்பதும் கணக்கெடுப்பதும் நான். நீ தைப்பூசத்துக்கு வரும்போது ஆஸ்பத்திரியில் போடுகிற தடித்த கையுறை நாற்பது ஜோடி வாங்கி வர வேண்டும், மெல்லியது வேண்டாம், முள் கிழித்துவிடும், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஏரிக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற பயணத்துக்கெல்லாம் நாள் வைக்க வேண்டும், காலை ஏழு மணிக்குக் கிழக்குக் கரை, உன் தொட்டியிலிருந்து போன இரண்டுக்கு நீ இரண்டையாவது பிடித்தே ஆக வேண்டும்.

உன் அம்மா,
கா. புஷ்பவள்ளி