கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள்

ஏப்ரல் 13, ஞாயிறு. விடியும்போதே புழுக்கம்.

ஏரியில் பாதியைத் தின்றவர்கள்தான் மீதிக்கு வேலி போட்டு, 'இயற்கைக் காப்பிடம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் வரைந்திருப்பது பூநாரை. இங்கே ஒருநாளும் வந்ததில்லை.

ஆனால் அந்த மீதி இருக்கிறதே. பூந்தமல்லி ரோட்டு லாரிச் சத்தம் கரை ஏறியதும் பாதியாகிவிடுகிறது. இன்று பார்த்தவை: முக்குளிப்பான், குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு. நாமக்கோழிகள். நத்தைகுத்தி நாரை, இரண்டு. நீலத் தாழைக்கோழி ஒன்று, சாக்கடை கலக்கும் இடத்தில். அங்கேயும் ராஜ நடை.

கதிர் கூட வந்தான். இந்த ஏரிக்கரையின் பழைய ஊர்க்காரன், குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான், ஞாயிறு லோடு கிடையாது. அவனுக்குப் பறவை இரண்டாம்பட்சம். ஜியோகேஷிங் பைத்தியம். யாரோ ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, இடக்குறியைப் போன் ஆப்பில் போடுவார். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். இங்கே இருக்கும் பெட்டி ஒரு பொய்க்கல், உள்ளே பொந்து. போன் காட்டும் புள்ளி பத்தடி இப்படி அப்படிப் போகும். அதனால் வருகிறவர்கள் சரளைத் திட்டில் கண்ணில் படும் கல்லையெல்லாம் புரட்டுவார்கள். நாங்களும் புரட்டினோம்.

தலைக்கு மேல் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு பாய்ந்தது. கதிர் நீட்டிய கையை அப்படியே நிறுத்தினான். கைக்குக் கீழே நான்கு முட்டை. கூடு என்று ஒன்றும் இல்லை, சும்மா ஒரு பள்ளம்.

"கல்லாட்டமே கீது மாமே," என்றான் மெதுவாக. தொடவே இல்லை. ஆனாலும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

பெயர் எழுதாமலே திரும்பினோம்.

அம்மாவின் தைலம் வாங்க மறந்துவிட்டேன். திட்டு.

ஏப்ரல் 16, புதன். இரண்டாம் ஷிப்ட். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

வேலைக்குப் போகும் முன் கரையிலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். ஆள்காட்டி (இனி ஆ.கா.) எழுந்து தண்ணீருக்குப் போகிறது, வயிற்றை நனைக்கிறது, முட்டை வெந்துபோகாமல் இருக்க ஓடிவந்து அதன்மேல் உட்காருகிறது. காய்ந்ததும் மறுபடி. ஜோடிப் பறவை முறை மாற்றிக்கொள்கிறது. கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் பார்த்திருப்பேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் பிரஸ் மெஷின் பக்கம் ஒரு ஃபேன் கேட்டு மாதக்கணக்கில் நிற்கிறோம். இது யாரிடமும் மனு கொடுக்கவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனும் கையுமாக இரண்டு பேர். கல் புரட்டல். ஓடிப்போய் முட்டையைக் காட்டினேன். சாரி சொல்லிப் போய்விட்டார்கள். நல்லவர்கள்தான். எல்லோருமே நல்லவர்கள்தான், அதுதான் எரிச்சல்.

கதிருக்குப் போன். பெட்டியைத் தூக்கி ஏரியில் போடு என்றான். யோசித்ததும் அவனே வேண்டாம் என்றான். பெட்டி போனாலும் புள்ளி ஆப்பில் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் இன்னும் அதிக நேரம் தேடுவார்கள், ஒரு கல் விடாமல். ஒளித்த ஆள்தான் ஆப்பில் மூட வேண்டும். வேறு யாருக்கும் உரிமை இல்லை.

ஏப்ரல் 18, வெள்ளி. மேகம், மழை இல்லை.

ஒளித்தவருக்கு ஆப்பில் எழுதினேன். அம்பத்தூர் ஐ.டி. ஆபீஸ்காரர். முட்டை, வெயில், எல்லாம் விவரமாக. குஞ்சு பொரிக்கும் வரைதான் கேட்டேன். பதில்: "இப்பதான் ப்ரோ நம்ம ஜியோகேஷ் பாப்புலர் ஆகுது. சண்டே ஆபீஸ் டீம் பத்துப் பேர் வர்றாங்க. பாத்து நடக்கச் சொல்றேன்."

பார்த்து நடப்பார்களாம். பார்த்தால் தெரிகிற முட்டையா அது?

கேட் வாட்ச்மேனிடம் போனேன். டிக்கெட் வாங்கினவங்களைத் தடுக்க எனக்கு ஆர்டர் இல்லை தம்பி என்றார். அப்பாவிடம் சொன்னேன். ஃபேக்டரியில் அரைநாள் லீவுக்கே நாலு கையெழுத்து, உனக்குக் கோழி முட்டை கேக்குதா என்றார். சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.

இதைப் பாதையில் உட்கார்ந்தே எழுதுகிறேன். சரளைத் திட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் முள். வலது ஓரம் நான், இடது ஓரம் கதிர். எதிரில் பத்துப் பேர், ஒரே மாதிரி டீ-ஷர்ட். முன்னால் பெட்டியை ஒளித்தவர். நேரில் சின்ன வயசுதான், என்னைவிட நான்கைந்து வருடம் கூட இருக்கும்.

ஒரு பெண் பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. நான் திசை காட்டினேன். "அய்யோ, கல்லுன்னு நினைச்சேன்," என்றாள். அதற்குப் பிறகு அவர்களில் ஐந்தாறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

இரண்டு ஆ.கா.வும் மேலே கத்திக்கொண்டு சுற்றுகின்றன. இத்தனை பேர் இருக்கும்வரை இறங்காது. நானும் இங்கே இருக்கக் கூடாதுதான். வெயில் திட்டின் பாதியைத் தாண்டிவிட்டது.

அவர்: "ஒரு பறவைக்காக இவ்ளோ சீனா?"

கதிர்: "அது அதோட ஊடு அண்ணாத்தே. நீதான் வந்து கல்லு வச்சுகினு கீறே."

அவர் சிரிக்கவில்லை. போன் அவர் கையில்தான் இருக்கிறது, ஆப்பும் திறந்திருக்கிறது. இங்கிருந்தே தெரிகிறது. எழுந்து நின்று சொன்னேன்.

"மூடுங்க சார். இப்பவே, எங்க கண்ணு முன்னாடி. நாம எல்லாரும் சேர்ந்தே கிளம்பிடலாம்."