அண்ணன் முடுக்கிய ஆறு நட்டுகள்

அன்புள்ள அண்ணா, எனக்கு முன்னால் பிறந்து எனக்கு முன்னாலேயே போய்விட்டவனே,

நீ காய்ச்சலில் போன பிறகு நம் கிணற்று என்ஜின் திணற ஆரம்பித்தது. உள்ளே கரி அடைத்துவிட்டது. தலைமூடியைக் கழற்றிச் சுரண்டியாக வேண்டும். உன் பங்குக் காட்டில் அண்ணி நட்ட மிளகாய் வாடிக்கொண்டிருந்தது. அரூர் மெக்கானிக்கோ பட்டாளத்துக்குப் போய்விட்டார். மிச்சம் நான்தான்.

"கழட்டறதுக்கு யாரு வேணா கழட்டலாம். முடுக்கறதுக்குத்தான் பெரியவன் வேணும்" என்றார் அப்பா. செத்த பிறகும் நீதான் வேண்டுமாம்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. நான் ஒருமுறை முடுக்கியபோது போல்ட்டு ஒடிந்தது. அந்தப் பயத்தில் அடுத்த முறை இளக்கமாக விட்டேன். இடுக்கில் புகை சீறியது. நீயோ ஸ்பேனரை ஒரு இழு இழுத்து, "போதும்டா" என்பாய். எவ்வளவு போதும் என்று உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? கேட்டால், "கைக்குத் தெரியும்" என்பாய். அந்தக் கை எனக்கு ஏன் வாய்க்கவில்லை?

இந்த முறை கழற்றும் முன் யோசித்தேன். நீ கடைசியாக முடுக்கிய இறுக்கம் ஆறு நட்டுகளிலும் அப்படியே இருக்கிறதே. முதல் நட்டையும் அதன் கீழே உள்ள மூடியையும் சேர்த்துச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். நட்டைச் சற்றே தளர்த்தினேன். நான் சித்தேரி மலைப் புளி வாங்கி எடைபோடும் ஸ்பிரிங் தராசை ஸ்பேனரின் நுனியில் மாட்டி, கோடு மறுபடி ஒன்றுசேரும்வரை இழுத்தேன். முள் ஐம்பது ராத்தலில் நின்றது.

அடுத்ததிலாவது நீ தவறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இழுத்தேன். அதுவும் ஐம்பதை ஒட்டியே நின்றது. ஆறிலும் அப்படித்தான். எனக்கு வயிறு எரிந்தது.

கரியைச் சுரண்டி மூடியை வைத்தேன். எதிரெதிர் நட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, எல்லாவற்றையும் ஐம்பதில் நிறுத்தினேன். என்ஜின் பிடித்துக்கொண்டது. இடுக்கில் புகையில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

"அவங்க முடுக்கின மாதிரியே சத்தம் கேக்குதுங்க மாமா" என்றார் அண்ணி.

"பெரியவன் கையேதான்" என்றார் அப்பா.

இழுத்தது நான், தோள் வலி எனக்கு, பேர் உனக்கா? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் உறைத்தது. நீ விட்டுப்போன இறுக்கத்தை நானே அவிழ்த்துவிட்டேன். இப்போது அதில் இருப்பது என் இறுக்கம்தான். இதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? ஏன் அழுதேன்?

அண்ணியின் காடு நனைந்த பிறகே என் காட்டுக்கு மடை திருப்புவேன், இது சத்தியம். பொறாமையை விட்டுவிடுவேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். உயிரோடு இருக்கிறவன்மேல் பொறாமைப்படுவதுபோல்தான் இன்னும் உன்மேல் படுகிறேன்.

எத்தனை வயதானாலும் உனக்கு இளையவனான
உன் தம்பி